போட்டோ இருந்தா பொருள் இருக்கு

பூட்டை இழுத்துப் பார்க்கிறார். இன்னொரு தரம் இழுத்துப் பார்க்கிறார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பூட்டைப் படம் பிடிக்கிறார்; நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. தெருமுனை தாண்டியதும் பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவி வாய் தவறி, "கதவைப் பூட்டினோமா?" என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. வண்டியை ஓரங்கட்டி, படத்தை எடுத்து அவர் முகத்துக்கு நேராக நீட்டுவார். "பாரு, இருக்கு." திரும்பிப் போய்ப் பார்க்கிற நேரம் மிச்சமாம். மிச்சம் பிடித்த நேரமெல்லாம் படம் எடுப்பதிலேயே போய்விடுகிறது என்பது வேறு விஷயம்.

இவர் என் சகலை. அவர் அக்காவைக் கட்டினார், நான் தங்கையைக் கட்டினேன். "அத்தானைப் பாருங்க, என்ன ஒரு பொறுப்பு!" என்று என் மனைவி சொல்லாத வாரம் கிடையாது. எனவே இந்தச் சித்திரத்தில் காரம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் மனுஷன்தானே.

சகலைக்குப் பார்சல் கம்பெனிக் கிடங்கில் சூப்பர்வைசர் வேலை. பெட்டி வந்தால் ஒரு படம், போனால் ஒரு படம், மூலை நசுங்கியிருந்தால் அந்த மூலைக்குத் தனியாக ஒரு படம். "உள்ள இருந்த கண்ணாடி சுக்குநூறாப் போச்சுய்யா" என்று யாராவது சண்டைக்கு வந்தால் குரலை உயர்த்தவே மாட்டார். போனைத் தடவுவார். "இங்கேருந்து கிளம்பும்போது பெட்டி எப்படி இருக்கு பாருங்க. கல்யாணப் பொண்ணு மாதிரி இல்ல?" வந்தவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டுவார். இப்படியே தப்பித்துத் தப்பித்து அவருக்கு ஒரு தத்துவமும் பிறந்துவிட்டது. "போட்டோ இருந்தா பொருள் இருக்கு, சகலை." உள்ளே கண்ணாடி இருக்கிறதா, கல் இருக்கிறதா என்பது அவர் கவலை இல்லை. மூடின பெட்டியோடு அவர் வேலை முடிந்தது.

அக்கா கணக்கு டீச்சர். வீட்டிலிருந்தபடியே இணையத்தில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறார். அவருடைய லேப்டாப்புக்கு வயதாகிவிட்டது; திரை நிமிர்ந்து நிற்காது, பின்னால் ஒரு தடித்த அகராதியை முட்டுக் கொடுக்க வேண்டும். ஆனால் அவர் பத்து வருஷமாகச் சொந்தமாக யோசித்து எழுதிய கணக்குகளும், வரைந்த படங்களும், தயாரித்த பாடங்களும் அதற்குள்தான் இருந்தன. புத்தகத்துக் கணக்கு அவருக்குப் பிடிக்காது. "ஒருத்தர் ஒரு பூட்டைப் படம் எடுக்க அரை நிமிஷம் ஆகுதுன்னா, தெருவில இருக்கிற எல்லாப் பூட்டையும் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்பது அவருடைய விகிதக் கணக்குகளில் ஒன்று. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்களாம். அந்த ஒருத்தர் யார் என்று சகலைக்கு மட்டும் இன்றுவரை தெரியாது.

வினை, வகுப்பு நடத்தும் செயலியின் வழியாக வந்தது. உங்கள் கணினியின் இயங்குதளம் பழையது, திங்கட்கிழமை முதல் இதில் நான் ஓட மாட்டேன் என்று அது அறிவித்துவிட்டது. கடைக்குக் கொண்டுபோகலாம் என்றார் அக்கா. சகலைக்கு ரோஷம் வந்துவிட்டது. "கடைக்காரன் கையில குடுக்கிறதும் ஒண்ணு, கிணத்துல போடுறதும் ஒண்ணு. இதெல்லாம் ஒரு வேலையா? வீடியோ பார்த்தே போட்டுடலாம்." கிடங்கில் யாரோ புது இயங்குதளத்தை ஒரு பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, ஆபரேஷனுக்குக் கிளம்புகிற டாக்டர் போலச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை காலை நானும் போயிருந்தேன். அத்தான் செய்வதைப் பார்த்தாவது கற்றுக்கொண்டு வாருங்கள் என்று வீட்டில் உத்தரவு. கற்றுக்கொண்டேன்.

முதலில் ஃபிரிட்ஜை நிறுத்தினார். லேப்டாப்புக்குக் கரண்ட் தாராளமாகப் போக வேண்டுமாம். மின்விசிறியைத் திருப்பி அதன் பக்கம் வைத்தார். எங்களுக்கு வியர்த்துக் கொட்டியது. பிறகு போனில் வீடியோவை ஓடவிட்டார். அதில் பேசுகிறவர் எடுத்த எடுப்பிலேயே, "உங்க ஃபைல் எல்லாத்தையும் முதல்ல பத்திரமா எடுத்து வச்சுக்கோங்க" என்றார். சகலை வீடியோவை நிறுத்தினார். போனை லேப்டாப் திரைக்கு நேராகப் பிடித்தார். கிளிக். ஒரு ஃபோல்டரைத் திறந்தார், கிளிக். மூடி அடுத்ததைத் திறந்தார், கிளிக். வெளிச்சம் பட்டு லேப்டாப் கண்ணாடி மின்னியதால் ஜன்னல் திரையை வேறு என்னை இழுத்துவிடச் சொன்னார். நானும் இழுத்துவிட்டேன். மனுஷனுக்கு இது வழக்கமான வியாதிதானே, பெட்டி கிளம்புகிறது, படம் எடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுப்படியிலிருந்து அக்கா குரல் கொடுத்தார். "ஏங்க, என் பாடமெல்லாம் எடுத்து வச்சுட்டீங்களா?"

"எடுத்தாச்சு, எடுத்தாச்சு."

"ஒண்ணு விடாம?"

"ஒண்ணு விடாம. நான் என்ன பச்சப்புள்ளையா?"

பாதி வழியில் திரை ஒரு கேள்வி கேட்டது. பழையதை அப்படியே வைத்துக்கொள்ளவா, எல்லாவற்றையும் துடைத்துவிட்டுச் சுத்தமாகத் தொடங்கவா? சகலை என்னைப் பார்த்து ஒரு பெரிய மனுஷச் சிரிப்புச் சிரித்தார். "புது வீட்டுக்குப் போறப்ப யாராவது பழைய குப்பையைத் தூக்கிட்டுப் போவாங்களா, சகலை? அதான் எடுத்து வச்சாச்சே!" துடைத்துவிடு என்பதை அமுக்கினார். நிச்சயமாகவா என்று அது மறுபடி கேட்டது. அந்த இயந்திரத்துக்கு இருந்த அக்கறையில் கால்வாசி எனக்கு இருந்திருக்கலாம்.

சும்மா சொல்லக் கூடாது, வேலை சுத்தமாக முடிந்தது. கிழட்டு லேப்டாப் துள்ளிக்கொண்டு எழுந்தது. வகுப்புச் செயலியை ஏற்றினார்; அதுவும் ஒரே சொடுக்கில் திறந்தது. சகலை அதையும் ஒரு படம் எடுத்தார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "பரவாயில்லையே! சரி, என் பாடத்தை எங்க வச்சிருக்கீங்க?"

சகலை போனை நீட்டினார். "பாரு, இருக்கு."

அக்கா பார்த்தார். மஞ்சள் மஞ்சளாக ஃபோல்டர்கள், கீழே வரிசையாகப் பெயர்கள். அடுத்த படம். அதற்கு அடுத்தது. "இது படம்ங்க" என்றார் அக்கா மெதுவாக. "உள்ள இருந்தது எங்க?"

"உள்ள இருந்ததா?" என்றார் சகலை.

கடைக்கு ஓடினோம். கடைக்காரர் நெடுநேரம் தட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சுத்தமா யாருங்க துடைச்சது?" என்று கேட்டார். வேறு நாளாக இருந்தால் சகலை அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்ததும் நிறுத்தி வைத்த ஃபிரிட்ஜைப் போட்டுவிட்டு, அதன் பக்கத்திலேயே நின்றார்.

அக்கா திட்டியிருந்தால் எல்லோருக்கும் சுலபமாக இருந்திருக்கும். திட்டவில்லை. அழுதார், கொஞ்ச நேரம், முகத்தை மூடிக்கொள்ளாமல். பிறகு முந்தானையால் துடைத்துக்கொண்டு, அகராதியை லேப்டாப்புக்குப் பின்னால் முட்டுக் கொடுத்தார். "திங்கட்கிழமை பிள்ளைங்க வந்து நிக்கும். உங்க போட்டோவைப் பார்த்துப் பேரையாவது வாசிங்க. ஞாபகம் இருக்கிறதை எழுதுறேன்."

சகலை எதிரே உட்கார்ந்து வாசித்தார். சூப்பர்வைசர் குரலெல்லாம் எங்கோ போயிருந்தது. "பின்னம், ஒண்ணு. பின்னம், ரெண்டு." அக்கா தட்டச்சினார், யோசித்தார், அழித்தார், மறுபடி தட்டச்சினார். "விகிதம், பூட்டு" என்று வாசித்தவர் நிமிர்ந்தார். "அது என்ன பூட்டு?"

"அது ஒரு ஆளைப் பத்தின கணக்கு" என்றார் அக்கா. "அது மறக்காது. அடுத்ததை வாசிங்க."

அவரைக் கேலி செய்யவென்று வழியெல்லாம் நான் சேர்த்து வைத்திருந்த வசனம் ஒன்றுகூட வாயில் வரவில்லை. பாவமாக இருந்தது, போங்கள்.

அக்கா தண்ணீர் குடிக்க எழுந்து போனார். சகலை அடுப்படிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். போனில் இருந்த படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். 'விகிதம், பூட்டு' என்ற மஞ்சள் ஃபோல்டரின் மேல் ஆள்காட்டி விரலை வைத்து, டக் டக் என்று இரண்டு தட்டுத் தட்டினார். காத்திருந்தார். பிறகு போனைச் சட்டை நுனியால் நன்றாகத் துடைத்துவிட்டு, இன்னொரு தரம் தட்டினார்.