புளியமரத்தடி கேமராவும் பள்ளிக்கூட வளைவும்

மலையாள எல்லையில் மீனாட்சிபுரம் பக்கம், எங்கள் பள்ளிக்கூடத்தை ஒட்டிய வளைவில் எதிரே வரும் வண்டி தெரியாது. போலீஸ் ஜீப் ஒருநாளும் அங்கே நின்றதில்லை. ஒரு கிலோமீட்டர் தள்ளி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே நேராகப் போகும் சாலையில், புளியமரத்து மறைவில் வேகம் அளக்கும் கேமராவோடு நிற்கும்.

போன ஆடியில் ஒருநாள் காலை, சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தேன். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நடந்துவந்த பக்கத்து வீட்டு அக்காவை, அந்த வளைவில் ஒரு டிப்பர் லாரி இடித்துவிட்டு நிற்காமல் போனது. கால் முறிந்து கிடந்தார். ஆம்புலன்ஸ் சித்தூரிலிருந்து வரவேண்டும், நேரமாகும் என்றார்கள். டீச்சர்களை அவரருகே இருக்கச் சொல்லிவிட்டு, ஜீப்பை நோக்கி ஸ்கூட்டரை முறுக்கினேன்.

“சார், எங்கக்காவ லாரிக்காரன் இடிச்சுப்போட்டுப் போயிட்டானுங்க! ஜீப்ப எடுங்க!”

உடனே வந்தார்கள். அக்காவை அவர்களே தூக்கி ஏற்றினார்கள். அதில் குறை சொல்ல மாட்டேன்.

மூன்றாம் நாள் என் போனுக்கு அபராதச் செய்தி வந்தது. அதிவேகமாம். நேரத்தைப் பார்த்தேன். உதவி கேட்டு ஓடிய அதே நேரம்! நேராக ஸ்டேஷனுக்குப் போனேன்.

“கேமராவில் பதிஞ்சாச்சு சேச்சி, நாங்க ஒண்ணும் செய்யான் பற்றில்ல” என்றார் எஸ்.ஐ., மலையாளம் கலந்த தமிழில். ஒன்றும் செய்ய முடியாதாம்.

“கட்டிப்போடறனுங்க. ஆனா நாளைலருந்து அந்த வளைவுல வந்து நில்லுங்க. இடிச்சவன உங்க கேமரா புடிக்கலீங்களே?”

அவர் அடுத்த ஃபைலை எடுத்துக்கொண்டார். ஆனாலும் மறுவாரம் இரண்டு நாள் ஜீப் வளைவில் நின்றது. டிப்பர்கள் மாட்டுவண்டிபோல ஊர்ந்தன. மூன்றாம் நாள் ஜீப் பழையபடி புளியமரத்தடிக்குப் போய்விட்டது. ஏன் என்று அங்கிருந்த போலீஸ்காரரிடம் கேட்டேன்.

“அங்க நின்னா யாரும் ஸ்பீடில் வர்றதில்ல சேச்சி. கேஸே கிட்டுனில்ல.”

அபராதம் போடக் கேஸ் கிடைப்பதில்லையாம். யாரும் வேகமாக வராமல் இருக்கத்தானே போலீஸ்?

வேகத்தடை கேட்டுப் பஞ்சாயத்தில் மனு கொடுத்திருக்கிறோம். பதில் இல்லை. அதுவரைக்கும் பள்ளி விடும் நேரத்தில் நாங்கள் நாலைந்து பெண்கள் சிவப்புத் துணியோடு வளைவில் நிற்கிறோம். எங்களைத் திட்டிக்கொண்டேதான் டிரைவர்கள் பிரேக்கை மிதிக்கிறார்கள். திட்டட்டும்.