காப்பி குடித்த வழி

என் மாமியார் கிளியம்மாளுக்குப் பாம்பைக் கண்டால் பயம் கிடையாது. பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையில் நல்ல பாம்பு குறுக்கே வந்தால், "போய்யா, சீக்கிரம் போ, எனக்கு வேலை கீது" என்று நின்று வழிவிடுவார். இடிக்கும் பயமில்லை. என் மாமனார் நடேசனின் கோபத்துக்குச் சுத்தமாகப் பயமில்லை. அவர் பயந்தது ஒன்றுக்குத்தான். உள்ளே நிறையப் பேர், வெளியே போக ஒரே வாசல் என்றால் அந்த அம்மாளுக்கு இருப்புக்கொள்ளாது.

கோயிலுக்குப் போனால் சாமியைப் பார்ப்பதற்கு முன் இன்னொரு வாசல் எங்கே என்று பார்ப்பார். பஸ்ஸில் படிக்குப் பக்கத்து சீட்டில்தான் உட்காருவார். "உள்ள போம்மா" என்று கத்திக் கத்திக் கண்டக்டர்கள் ஓய்ந்துபோனார்கள். விசேஷ வீட்டில் யாரைப் பார்த்தாலும் "எந்த வழியா வந்தே?" என்றுதான் முதல் விசாரிப்பு, சாப்பிட்டாயா என்பதெல்லாம் அப்புறம்தான். இப்படி ஒரு மனுஷி எனக்கு மாமியாராக வாய்த்ததில் எனக்கு இருக்கிற சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு என்னைக் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

சுங்குவார்சத்திரம் டூரிங் டாக்கீஸில் வறுத்த வேர்க்கடலை விற்றவர் அவர். சொந்தக் கொல்லையில் விளைந்த கடலை. நடேசன் பறிப்பார், இவர் வறுப்பார். மகள் லீலா கைக்குழந்தையாக இருந்தபோது ஆரம்பித்த வியாபாரம். எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள், தெற்கே ஏதோ ஓர் ஊரில் கீற்றுக் கொட்டகை எரிந்து, படம் பார்க்க வந்தவர்கள் நிறையப் பேர் செத்துப்போனார்கள் என்று டீக்கடையில் யாரோ பேப்பரைப் படித்தார்கள். எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். பீடி நெருப்பா, மிஷின் நெருப்பா என்று பேச்சு ஓடியது. கிளியம்மாள் கேட்டது ஒன்றுதான்.

"வாசலு எத்தினி இருந்திச்சாம்?"

பேப்பரில் அதைப் போடவில்லை.

அன்று இடைவேளையில் அவர் கடலை விற்கவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு ஜனங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். சுங்குவார்சத்திரம் கொட்டகைக்கு முன்வாசல் தவிர பக்கவாட்டிலும் ஒரு வாசல் உண்டு. அது திறந்தேதான் கிடந்தது. ஆனால் அதன் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தவர்கள்கூட எழுந்து, மணலில் அடுத்தவன் காலை மிதித்துக்கொண்டு, முன்வாசலில் போய் முட்டிமோதினார்கள். வந்தது அந்த வழி, போவதும் அந்த வழி. ஒருவனும் பக்கத்தில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கொட்டகை முதலாளி முனிரத்தினத்திடம் போய் விஷயத்தைச் சொன்னார்.

"அதான் தொறந்து கீதே. இன்னா பண்ணச் சொல்றே? ஒவ்வொருத்தனையா தூக்கினு போயி அந்தப் பக்கம் வுடவா?" என்று முதலாளி சிரித்தார்.

கேட்டது நியாயமான கேள்விதான். மறுநாளிலிருந்து கிளியம்மாள் தன் கூடையைப் பக்கவாட்டு வாசலுக்கு வெளியே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கடலை வேண்டுமா, அந்த வழியாக வா. சூடான கடலை வாசனைக்கு வராதவன் உண்டா? கொஞ்ச நாளில் சோடாக்காரரும் அங்கே வந்தார், முறுக்குக்காரியும் வந்தாள். அதன்பிறகு படம் விட்டால் பாதிக் கூட்டம் தானாகவே அந்தப் பக்கம் நடந்தது. யாருக்கும் அவர் ஒரு புத்திமதியும் சொல்லவில்லை. வியாபாரமும் கூடியது, அதை அவர் மறைக்கவும் இல்லை.

எண்பத்தொன்றில் லீலாவை எனக்குப் பேசி முடித்தார்கள். நான் வடக்குப்பட்டு, பெயர் பாபு. அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்பா இல்லாத எனக்கு எல்லாமே தாய்மாமன் தாண்டவராயன்தான். தங்கமான மனுஷர், ஆனால் பிடித்த பிடியை விடமாட்டார். எங்கள் பக்கம் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில் நடப்பதுதான் வழக்கம். கிளியம்மாள் எங்கள் தெருவை வந்து பார்த்தார். "மாட்டுவண்டி ஒண்ணு நின்னா மனுஷன் நவுர முடியல. எங்க வூட்டாண்டயே வெச்சிக்கலாம்" என்றார். அதற்கு மாமா எப்படியோ தலையாட்டிவிட்டார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பந்தலைப் பார்க்க மாமா என்னையும் அழைத்துக்கொண்டு பிள்ளைப்பாக்கம் போனார். நல்ல பெரிய கீற்றுப் பந்தல். முன்பக்கம் வாழைமரம் கட்டிய வாசல். உள்ளே போய்ப் பார்த்தால் பின்பக்கத்திலும் ஒரு வாசல்!

"இன்னாம்மா இது, பின்னால ஓட்டை?"

"ஓட்டை இல்லண்ணே, வாசலு."

"எந்தக் கல்யாணப் பந்தல்லமா பின்வாசல் வெப்பாங்க? முன்னால வர்ற சீதேவி அப்படியே பின்னால எறங்கிப் போயிடுவா. அடைச்சிடு. இல்லாங்காட்டி எங்க புள்ள இந்தப் பந்தலுக்குள்ள கால் வெக்கமாட்டான்."

ஜன்னலுக்குப் பின்னால் லீலா நிற்பது தெரிந்தது. அவளைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்வதாக எனக்கு உத்தேசம் இல்லை. மாமாவும் விடமாட்டார், இந்த அம்மாளும் அடைக்கமாட்டார், நடுவில் என் கல்யாணம் போகப்போகிறது என்று பதறினேன்.

"அடைச்சிடேன். ஒரு நாளு கூத்துக்கு இன்னாத்துக்கு வம்பு?" என்றார் நடேசன்.

"முந்நூறு பேரு வருவாங்க. நம்மள நம்பி வந்து உக்கார்ற ஜனங்க. ஒரே வாசலை வெச்சிகினு என்னால சிரிச்ச மூஞ்சியா நிக்க முடியாது" என்றார் கிளியம்மாள். அழுதுவிடுவாரோ என்று நினைத்தேன். அவர் மாமா பக்கம் திரும்பினார்.

"அண்ணே, பின்வாசல்னாதானே சீதேவி போவா? அங்கயும் வாழமரம் கட்டி, தோரணம் கட்டி, கோலம் போட்டு, சந்தனம் கல்கண்டு வெச்சி வாங்க வாங்கன்னு கூப்பிடறேன். அப்ப அதுவும் முன்வாசலுதானே? சீதேவிக்கு ரெண்டு பக்கமும் வர்றதுக்கு வழி கீதுன்னு வெச்சிக்கோங்களேன்."

மாமா முன்வாசலைப் பார்த்தார், பின்வாசலைப் பார்த்தார். கடைசியில், "இன்னாவோ பண்ணு. ஆனா நான் அந்தப் பக்கம் எட்டிக்கூட பார்க்கமாட்டேன்" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கல்யாணத்தன்று காலை சந்தனமும் கல்கண்டும் இரண்டு வாசலிலும் இருந்தன. காப்பி மட்டும் முன்வாசலில் கிடையாது. பின்வாசலைத் தாண்டி, கிணற்றடியில் சமையல் நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் எல்லப்பன் என்பவர் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். "காப்பி அந்தாண்ட, காப்பி அந்தாண்ட" என்று வந்தவர்களையெல்லாம் கிளியம்மாள் விரட்டிக்கொண்டிருந்தார். எங்கள் மாமாவோ காப்பிக்குச் சொத்தை எழுதிவைக்கக்கூடியவர். மணவறையிலிருந்து நான் பார்த்தேன். முதலில் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பிறகு வாசனை வந்தது. பிறகு யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தார். பிறகு ஆளைக் காணோம். முகூர்த்தத்துக்குள் எத்தனை முறை போய்வந்தார் என்பது எல்லப்பனுக்குத்தான் தெரியும்.

என் சிநேகிதன் மாரி வெடிக்குப் பொறுப்பு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்துக் கொளுத்து என்று கிளியம்மாள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சத்தம் எனக்குக் கேட்கவேண்டாமா என்ற பாசத்தில், அவன் எல்லாவற்றையும் முன்வாசலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டான். தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்குச் சுற்றி வந்துகொண்டிருந்தபோதே அவசரப்பட்டு ஒரு வாணத்தைப் பற்றவைத்தான். அது மேலே போகாமல் சாய்ந்து, முன்வாசலுக்கு மேலே கீற்றில் சொருகிக்கொண்டது. வைகாசி வெயிலில் காய்ந்த கீற்று. குபீரென்று பிடித்துக்கொண்டது.

"பத்திகிச்சி!" என்று யாரோ அலறினார்கள். கூட்டம் எழுந்தது. எழுந்த கூட்டம் எந்தப் பக்கம் திரும்பியது என்கிறீர்கள்? எரிகிற முன்வாசலைப் பார்த்துத்தான்.

கிளியம்மாள் ஒரு பெஞ்சின்மேல் ஏறினார். பதினைந்து இருபது வருஷம் சினிமாச் சத்தத்துக்கு மேலே கடலை கடலை என்று கூவின தொண்டை அது.

"காப்பி குடிச்ச வழியா போங்க! எல்லாரும் காப்பி குடிச்ச வழி!"

அவ்வளவுதான். கூட்டம் அப்படியே திரும்பியது. காப்பி குடிக்காதவர் அங்கே யார்? போய்ப்போய்ப் பழகின கால்கள் யோசிக்காமல் நடந்தன. நாதஸ்வரக்காரர் நாதஸ்வரத்தோடு போனார், ஐயர் தாலித் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு போனார். ஒருவரும் கீழே விழவில்லை. நெருப்பு மணவறைக்கு வந்தபோது அங்கே எரிவதற்குப் பலகையும் பூவும்தான் இருந்தன.

ஒவ்வொரு குடும்பமாகப் பெயர் சொல்லி எல்லாரும் வந்தாயிற்றா என்று கேட்டு முடித்த பிறகு, கிளியம்மாள் கிணற்றடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். அதுவரைக்கும் எனக்கு அந்த அம்மாள்மேல் இருந்தது மரியாதைதான். அன்பு அந்த இடத்தில்தான் வந்தது, இன்றுவரை குறையவில்லை.

அழுகை நின்றது மாமாவால். அவர் காப்பி அடுப்பு ஓரமாக நின்றுகொண்டிருந்தார், கையில் டம்ளர்! ஓடிவந்த வேகத்தில் பழக்கதோஷத்தில் கையை நீட்டியிருக்கிறார், எல்லப்பனும் பழக்கதோஷத்தில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். முதலில் நடேசன் சிரித்தார், பிறகு கிணற்றடியே சிரித்தது. ஒளிந்துகொண்டிருந்த மாரிகூட வெளியே வந்தான்.

முகூர்த்தம் தவறுவதற்குள் வேப்பமரத்தடியில் தாலி கட்டினேன். சமையல் பந்தலை விட்டுத் தள்ளி நடந்ததால் சாப்பாட்டுக்கு ஒரு குறையுமில்லை. கடலைக் கொல்லை வரப்போரம் இலை போட்டார்கள்.

பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டு வந்த கிளியம்மாள் மாமா இலைக்கு முன்னால் நின்றார். கண் இன்னும் சிவந்திருந்தது, குறும்பு மட்டும் திரும்பி வந்திருந்தது.

"இன்னாண்ணே, சீதேவி பின்னால போயிட்டாளா?"

மாமா தலையை நிமிர்த்தி, என் பக்கத்தில் மூக்கு நுனியில் கரியோடு உட்கார்ந்திருந்த லீலாவைப் பார்த்தார்.

"போனாளே! உம் மாப்பிள்ளை மரமாட்டம் நின்னுகினு இருந்தான். கூரைப்பொடவைய முட்டி வரைக்கும் தூக்கிச் சொருவிகினு, அவனை மாலையோட இழுத்துகினு, என் காலை ஒரு மிதி மிதிச்சிட்டுப் போனா, மகராசி. இங்கதான் குந்தி சாப்பிட்டுகினு கீறா."

லீலா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். மாமா இலையை விட்டு எழுந்ததும் நேராகக் காப்பி குடிக்கப் போனார்.