கைதட்ட மட்டும் அனுமதி

குனிஹிகோ இகராஷியின் குரல் அவருடைய சட்டைக் காலரைத் தாண்டி வெளியே போனதில்லை என்று சகாதா மீன் சந்தையில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டதே அவர் மனைவி தொகிகோதான். ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் அவருக்கு வேலை. வருகிறவர்களின் காதருகே குனிந்து, எந்த வரி தெளிவாகத் தெரிகிறது என்று கேட்பதற்கு அந்தக் குரல் போதுமானதாக இருந்தது. தொகிகோ துறைமுகத்துச் சந்தையில் கணவாயும் காட் மீனும் விற்றாள். தொண்டையால் சம்பாதிக்கிறவள். மதியம் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் குரல் சட்டென்று இறங்காது. சோயா சாஸை எடுங்கள் என்பதைக்கூடத் தெருவுக்கே ஏலம் விடுவது போலத்தான் சொல்வாள்.

ஒரு குளிர்காலத்தில், அவளை அழைத்துப்போக அவர் சந்தைக்குப் போயிருந்தார். தரையிலிருந்து பனியை வாரி வீசும் காற்று. தொகிகோ குனிந்து ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் முதுகை நோக்கி ஒரு குளிர்பதன லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. குனிஹிகோ அதைப் பார்த்தார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. லாரி அவள் இடுப்பை இடித்துத் தள்ளிய பிறகுதான் டிரைவருக்குத் தெரிந்தது. நல்லவேளை, கன்றிப்போனதோடு சரி.

"பாத்துக்கிட்டுத்தானே நின்னீங்க?" வீட்டில் இடுப்புக்கு மருந்துப் பட்டை ஒட்டிக்கொண்டே கேட்டாள். "ஒரு 'ஏய்' வரலியா உங்களுக்கு?"

"வந்துச்சு. வாய்க்குள்ளயே நின்னுடுச்சு."

அவள் கோபப்படவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் பனி உருகியதும், நகராட்சி விளையாட்டுக்கூடத்தில் நடக்கும் பெரியவர்களுக்கான கெண்டோ வாள்வீச்சு வகுப்பில் அவர் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள். "அங்க கத்தினாத்தான் புள்ளியாம். சும்மா அடிச்சா கணக்கு இல்லியாம். உங்களுக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி இருக்கு."

உண்மைதான். மூங்கில் வாளால் எதிராளியின் தலையில் எவ்வளவு சுத்தமாக அடித்தாலும், அடிக்கிற கணத்திலேயே "மென்!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தாவிட்டால் அது அடியே இல்லை. எங்கே அடிக்கிறோமோ அந்த இடத்தின் பெயரைச் சொல்லி அடிக்க வேண்டும், தலைக்கு மென். ஐம்பத்து மூன்று வயதில், வெறுங்காலோடு சில்லிட்ட மரத்தரையில் நின்று, தன்னைவிடப் பாதி வயதுக்காரர்கள் நடுவில் இல்லாத எதிரியைப் பார்த்துக் கத்த வேண்டும் என்றபோது அவருக்குக் காது மடல்கள் சிவந்தன. எல்லோரும் தன்னையே பார்ப்பதாகத் தோன்றியது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். கம்பி வைத்த முகக்கவசத்துக்குள் போடுவதற்கென்று தனிக் கண்ணாடி அவர் கடையிலேயே விற்றது. அவரே பலருக்கு மாட்டிப் பார்த்துச் சரிசெய்து கொடுத்திருக்கிறார். தனக்கு மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. எதிரே உள்ள முகங்கள் மங்கலாக இருந்தால் அவர்களுக்கும் தன் முகம் மங்கலாகத்தான் இருக்கும் என்று ஏதோ ஒரு நினைப்பு.

ஆசிரியை மொகாமிக்கு முப்பது வயதுகூட இருக்காது. பகலில் பல் மருத்துவமனையில் வேலை. அவளுக்கு விசித்திரமாகப் பட்டது அவருடைய குரல் இல்லை. ஒவ்வொரு முறை அடித்த பிறகும் அவர் லேசாகத் தலைகுனிந்து ஏதோ முனகினார்.

"இகராஷி சான், என்ன சொல்றீங்க?"

"மன்னிக்கணும்னு சொன்னேன், டீச்சர்."

"யார்கிட்ட?"

"தலையில அடிச்சேனே, அவர்கிட்ட."

அடிபட்டவர் முடிதிருத்தும் சவாகி. முகக்கவசத்துக்குள்ளிருந்து அவர் சிரித்த சிரிப்பு கூரையில் போய் முட்டியது. "மன்னிப்பு மட்டும் தெளிவா கேக்குது டீச்சர், 'மென்' தான் கேக்கல! அது என் காதுக்கு வந்து சேர்றதுக்குள்ள நான் வீட்டுக்குப் போய்க் குளிச்சுட்டே வந்துடலாம்."

அன்றிலிருந்து இரண்டு பேரும் கூட்டாளிகள்.

வகுப்புக்குத் தன்னையும் கூட்டிப்போகச் சொல்லி தொகிகோ கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் தட்டிக்கழித்தார். கவசம் வாங்கியபோது, இடுப்பில் தொங்கவிடும் பெயர்ப்பையில் 'இகராஷி' என்று பெரிதாகத் தைக்கக் கொடுத்தவள் அவள்தான். "அது என் பேரும்தான். என் பேரை இடுப்புல கட்டிக்கிட்டு முனகாதீங்க, சந்தையில மானம் போயிடும்."

அடுத்த வசந்தத்தில், நகரப் போட்டியில் புதியவர்களுக்கான பிரிவில் அவர் முதல் முறையாக இறங்கினார். சொல்லாமல்தான் போனார். சவாகியின் மனைவி சொல்லிவிட்டாள். முறைப்படி குந்தி எழுந்து, வாளை நீட்டி, எதிராளியின் மங்கலான உருவத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தபோது, பார்வையாளர் மாடத்திலிருந்து அந்தக் குரல் வந்தது. துறைமுகத்தின் கடைசிப் படகு வரை போய்ச் சேர்கிற குரல்.

"இகராஷி! வாயைத் திறங்க! வாயைத் திறங்கன்னா!"

கெண்டோவில் பார்வையாளர்கள் கத்தக் கூடாது. நல்ல அடி விழுந்தால் கைதட்டலாம், அவ்வளவுதான். நான்கு களங்களிலும் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒலிபெருக்கியில் ஒரு பணிவான குரல், கைதட்ட மட்டுமே அனுமதி என்று கேட்டுக்கொண்டது. மெல்லிய சிரிப்பு ஒன்று கூடத்தைச் சுற்றி வந்தது. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் குனிஹிகோவின் தலையில் இரண்டு அடி விழுந்து ஆட்டம் முடிந்துவிட்டது. முகக்கவசத்தைக் கழற்றவே அவருக்கு மனம் வரவில்லை.

காரில் அவர் சொன்னார்: "இனிமே நீ வர வேணாம்."

தொகிகோ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு அங்க கத்தக் கூடாதுன்னு தெரியாதுங்க."

"உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் வேணாம். நான் கொஞ்சம் கத்துக்கிடுறேன். அப்புறம் நானே கூப்பிடுறேன்."

"சரி," என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "ராத்திரிக்குக் காட் மீன் சூப் வைக்கட்டுமா?" என்று கேட்டாள். குரல் வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது. அவர் அதைக் கவனித்தார். கவனித்துவிட்டு, வைக்கச் சொன்னார்.

வகுப்புக்கு அவர் கிளம்பும்போதெல்லாம் செருப்பு வைக்கும் அலமாரி அருகே நின்றுகொண்டு கேட்பாள்: "இன்னிக்கு வரலாமா?"

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்."

"அதுக்குள்ள நான் கிழவி ஆயிடப் போறேன். மாடிப்படி ஏற முடியாது, பாத்துக்கோங்க."

இதில் அவர் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. குரல் வந்துவிட்டிருந்தது. மொகாமி ஒருநாள் அவரைத் தனியே நிறுத்தி, "இகராஷி சான், இங்க யாரும் உங்களைப் பாக்கல. அவங்கவங்க பயத்தை அவங்கவங்க பாத்துக்கிட்டு நிக்கிறாங்க," என்றாள். அதற்குச் சில வாரங்கள் கழித்து, சவாகி அசந்த ஒரு நொடியில், அவருக்குள்ளிருந்து ஒரு சத்தம் புறப்பட்டது. யாரோ பின்னாலிருந்து கத்தியது போல இருந்தது அவருக்கு. சவாகி வாளை இறக்கிவிட்டு நின்றார். "யாருப்பா உள்ள?" என்று முகக்கவசத்தின் கம்பிகளைத் தட்டிக் கேட்டார்.

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தார். தொகிகோ கதவைத் திறந்து, "இன்னிக்கு என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றதும், "ஒண்ணுமில்ல," என்று குளியலறைக்குப் போய்விட்டார். கவசத்துக்குள் அவர் யாருமில்லை. யாராக இல்லாதபோது கத்த முடிந்தது. அவள் மாடத்தில் உட்கார்ந்தால் அவர் மறுபடியும் குனிஹிகோ ஆகிவிடுவார். லாரி வந்தபோது வாயடைத்து நின்றவர் ஆகிவிடுவார். இன்னும் உறுதிப்படட்டும், பிறகு கூப்பிடலாம் என்று தள்ளிப்போட்டார். வசந்தத்தில் ஒரு போட்டி வந்தது, கூப்பிடவில்லை. அதற்கடுத்த இலையுதிர்காலத்தில் இன்னொன்று வந்தபோது தொகிகோவுக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்திருந்தது.

மருத்துவமனையில் அது நான்கு பேர் படுக்கும் அறை. நடுவே திரைச்சீலைகள்தான். அங்கேயும் முதலில் சில நாட்கள் அவள்தான் எல்லோரிடமும் பேசினாள். அடுத்த கட்டில் அம்மாவுக்குக் கணவாய் சுத்தம் செய்யும் விதம் சொல்லிக்கொடுத்தாள். பிறகு குரல் மெலிந்தது. அவள் சொல்வதைக் கேட்க அவர் குனிய வேண்டியிருந்தது, கடைக்கு வருகிறவர்களிடம் குனிவது போல.

ஒரு மதியம், வெளியே பனி பெய்துகொண்டிருந்தபோது, அவள் சொன்னாள்: "சவாகி அண்ணன் வந்திருந்தார். உங்களுக்குக் குரல் வந்து ரொம்ப நாளாச்சாமே."

அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. "அவன் ஏதாவது சொல்லுவான்."

"என்கிட்ட சொல்லவே இல்ல."

"கொஞ்சம்தான் வந்திருக்கு. நல்லா வரட்டும்னு பாத்தேன்."

"ஒரு தடவை கத்திக் காட்டுங்களேன்."

"எங்க?"

"இங்கதான். அங்க வர முடியாதே நான்." கண்ணில் பழைய குறும்பு இருந்தது. "ஒரே ஒரு மென்."

குனிஹிகோ திரைச்சீலையைப் பார்த்தார். அந்தப் பக்கம் யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள், வாசனை வந்தது. எதிர்க் கட்டிலில் யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள். நர்ஸின் வண்டி நடைவழியில் போனது. அவர் எழுந்துகூட நின்றார். கால்களைச் சரியாக வைத்தார், இடது குதிகால் தரையிலிருந்து தானாகவே எழும்பியது.

"ஆளுங்க இருக்காங்க," என்றார். "தூங்குறாங்க பாரு."

"சரி சரி," என்று தொகிகோ சிரித்தாள். "உக்காருங்க. சும்மா கேட்டேன்."

கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நர்ஸ் ஓடி வந்திருப்பாள். தூங்கியவர் திடுக்கிட்டு எழுந்திருப்பார். அவர் எல்லோருக்கும் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டிருப்பார். அது அவருக்கு நன்றாகவே வரும். அதைவிடப் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. இதைப் பின்னாளில் அவர் பல முறை கணக்குப் போட்டுப் பார்த்தார்.

புத்தாண்டு அரிசி உருண்டைகள் கடைகளில் மிச்சமிருந்த நாட்களில் அவள் போய்விட்டாள். ஈமச்சடங்கின் முடிவில் வந்தவர்களுக்குக் கணவர் நன்றி சொல்லிப் பேச வேண்டும். சந்தையே வந்து நின்றிருந்தது, ரப்பர் காலணிகளைக் கழற்றிவிட்டுக் கறுப்பு உடுப்பில். அவர் பேசியது முதல் வரிசையைத் தாண்டவில்லை. எல்லோரும் தலைகுனிந்து நின்றார்கள். வாயைத் திறங்க என்று சொல்லக்கூடியவள் ஒருத்திதான், அவளும் பூக்களுக்கு நடுவே படத்தில் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

வசந்தத்தில் நகரப் போட்டி வந்தபோது அவர் போவதாக இல்லை. சவாகி வீட்டுக்கே வந்து வாசலில் நின்றார். "பேர் கொடுத்தாச்சு. நீ வரலேன்னா உன் பேர்ல நான் ரெண்டு தடவை ஆடணும். எனக்கு முட்டி வலி." குனிஹிகோ பையை எடுத்துக்கொண்டார்.

அதே கூடம். எதிராளி ஒரு தபால்காரர் என்று பின்னால் தெரிந்தது. அப்போது அவருக்கு அது நீல நிறத்தில் ஒரு மங்கல்தான். மூன்று நடுவர்களில் ஒருத்தி மொகாமி. ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் எதிராளியின் வாள்நுனி ஒரு கணம் தாழ்ந்தது. குனிஹிகோ பாய்ந்தார்.

"மெ...ன்!"

ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்ததாகப் பிறகு சவாகி சொன்னார். அவர் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். அவர் பக்கத்துக்கான மூன்று சிவப்புக் கொடிகளும் ஒன்றாக எழுந்தன. மாடத்தில் கைதட்டினார்கள்.

அடித்த பிறகும் அடங்கி நிற்க வேண்டும், எதிராளியை நோக்கித் திரும்பி, வாளை நீட்டி, ஒன்றுமே நடக்காதது போல. சின்னப் பிள்ளைகளுக்கே முதலில் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. குனிஹிகோவுக்கும் தெரியும். ஆனால் அவர் எதிராளிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மாடத்தைப் பார்த்து, கையுறை மாட்டிய கையைத் தூக்கினார்.

"கேட்டுச்சா!" என்றார். அதையும் கத்தித்தான் சொன்னார்.

கைதட்டல் நின்றுவிட்டது. தலைமை நடுவர் மற்ற இருவரையும் நடுவே அழைத்தார். சிறிது நேரம் பேசினார்கள். மொகாமிதான் கடைசியாகத் தலையசைத்தாள். கொடிகள் கீழே குறுக்கும் நெடுக்குமாக ஆடின. ஜெயித்துவிட்டுக் கொண்டாடியவனுக்குப் புள்ளி கிடையாது. ஆட்டம் தொடர்ந்தது, தபால்காரர் இரண்டு புள்ளி எடுத்து முடித்துவைத்தார்.

சுவரோரம் அவர் கவசக் கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது சவாகி வந்தார். "கையில வந்த புள்ளியைத் தூக்கிப் போட்டுட்டியேடா முட்டாளே," என்று ஆரம்பித்தவர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "கேட்டுச்சுடா," என்றார். "ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்."

நேரம் கிடைத்தபோது மொகாமியும் வந்து குனிந்து வணங்கினாள். "மன்னிக்கணும், இகராஷி சான். நானும் கொடியை இறக்கித்தான் ஆகணும்."

"சரியாத்தான் செஞ்சீங்க, டீச்சர்." பிறகு ஒரு மாதிரியாகச் சொன்னார்: "இடம்தான் மாறிப்போச்சு. வேற இடத்துல கத்தியிருக்கணும்."

அவளுக்குப் புரிந்திருக்காது. அவர் விளக்கவில்லை.

சவாகியின் ஆட்டம் பாக்கி இருந்தது. குனிஹிகோ மேல்சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடத்துக்குப் படியேறினார். இத்தனை வருஷத்தில் அவர் அங்கே போனதே இல்லை. ஜன்னல் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

கீழே நான்கு களங்களிலும் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் நீலம், எல்லோருக்கும் ஒரே கவசம், கம்பிகளுக்குப் பின்னால் யாருக்கும் முகமில்லை. இடுப்பிலிருந்த பெயர்களைப் படிக்கப் பார்த்தார். அவ்வளவு தூரத்துக்கு அவர் கண்ணாடியிலும் எழுத்து பிடிபடவில்லை. சவாகியின் முதுகில் கட்டியது சிவப்பு நாடாவா வெள்ளையா என்று கேட்டுவைக்கவும் மறந்திருந்தார். இத்தனை வருஷம் கூட நின்று அடிபட்ட மனிதர், இங்கிருந்து பார்த்தால் யாரோ ஒருவர்.

ஆனால் தொகிகோ அன்று வந்து உட்கார்ந்ததும், இத்தனை பேரில் எது அவர் என்று கண்டுகொண்டுதான் கத்தியிருக்கிறாள். அவர் அதுவரை ஒரு சத்தமும் போட்டிருக்கவில்லை. சும்மாதான் நின்றுகொண்டிருந்தார்.

கீழே ஏதோ ஒரு களத்தில் அடி விழுந்து மூன்று கொடிகள் எழுந்தன. சுற்றிலும் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அடித்தது சவாகியா, அடிபட்டது சவாகியா என்று தெரியாமலே குனிஹிகோவும் தட்டினார்.