தட்டிக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றியவர்

பேய் என்றால் ராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டாம். இது பட்டப்பகலில் நடந்தது. கதை கட்டுகிறேன் என்பவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். நர்ஸ் தில்லையம்மாள் வாயால் கேட்டதைத்தான் சொல்கிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை.

அறுபத்துநாலாம் வருஷம். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே, ஆலப்பாக்கம் பக்கத்துச் சவுக்குத் தோப்பில் காலரா நோயாளிகளுக்கென்று ஒரு கீற்றுக் கொட்டகை போட்டிருந்தார்கள். வேலைக்கு மூன்றே பேர். நர்ஸ் தில்லையம்மாள், கம்பவுண்டர் அபுல் ஹசன், ஆயா இருசம்மாள். டாக்டர் என்று ஒருவர் இருந்தார். ஆனால் எந்த நேரம் எந்த ஊரில் இருப்பார் என்று அவருக்கே தெரியாது. அத்தனை ஊரில் சீக்கு.

கொட்டகையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. நோயாளியைத் தொட்ட கை, பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர்ப் பானையைத் தொடக் கூடாது. அதனால் வாசலில் ஓலைத்தட்டி கட்டி, பானையை அதற்கு வெளியே வைத்திருந்தார்கள். ஒருவர் உள்ளே நின்று கையை நீட்டுவார். இன்னொருவர் வெளியே நின்று தட்டியின் சந்து வழியாகக் குவளையால் ஊற்றுவார். முகம் தெரியாது, கை மட்டும் தெரியும். ஊர் சனம் ஒன்றும் எட்டிப் பார்க்காத இடத்தில், மூன்று பேரும் இப்படி ஒருத்தர் கையை ஒருத்தர் கழுவிவிட்டுத்தான் காலம் தள்ளினார்கள்.

இது நடந்த அன்றைக்குக் காலையில் ஆயா இருசம்மாளே சீக்கில் விழுந்துவிட்டாள். மத்தியானத்துக்குள் கண் குழிந்து, விரல் நுனியெல்லாம் சுருங்கி, இத்தனை நாள் அவள் துடைத்துவிட்ட ஆட்களைப் போலவே கிடந்தாள். அடுத்த கட்டிலில் அஸ்மத் என்ற இளம் பெண். கைக்குழந்தைக்காரி. மிச்சம் இருந்தது ஒரே ஒரு சலைன் பாட்டில். கடலூரிலும் தீர்ந்துவிட்டது. அபுல் ஹசன் பாட்டில் வாங்கிவர விடியும் முன்பே சிதம்பரத்துக்குப் புறப்பட்டிருந்தார். காலரா கொட்டகை ஆள் என்று தெரிந்ததும் அவரை பஸ்ஸில் ஏற்றவில்லை. சைக்கிளிலேயே போனார்.

"எனக்குப் போடும்மா," என்றாள் இருசம்மாள். "மூணு புள்ளைங்க இருக்குது எனக்கு."

தில்லையம்மாள் ரெண்டு கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள். பாட்டிலை ஆளுக்குப் பாதியாகப் போட்டால் ரெண்டு பேரும் போய்விடுவார்கள். இவளா, அவளா? முடிவெடுக்கத் தைரியம் இல்லாமல் கை கழுவ எழுந்தாள். ஊற்ற ஆள் இல்லை என்பதுகூட மறந்துவிட்டது. பழக்கத்தில் தட்டிப் பக்கம் கையை நீட்டி, தலையைக் குனிந்து நின்றாள். மணி மூன்று இருக்கும்.

தண்ணீர் விழுந்தது.

சளக்... சளக்...

அப்படி ஒரு குளிர்ச்சி. அந்த வெயிலில் காய்ந்த பானைத் தண்ணீர் எப்படி அவ்வளவு குளிரும் என்று அவள் யோசிக்கவில்லை.

"வந்துட்டீங்களா பாய்?"

"வந்துட்டேன் சிஸ்டர்." அபுல் ஹசன் குரல்தான். ரொம்பக் கம்மியிருந்தது.

"பாட்டிலு கெடச்சிதா?"

"ஆறு இருக்கு."

குவளை பிடித்த விரல்களைப் பார்த்தாள். வெளுத்துச் சுருங்கியிருந்தன. நாள் பூரா தண்ணீரில் ஊறும் கை, நம் எல்லார் கையும் இப்படித்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

"பெட்டிய எங்க வெச்சீங்க?"

தண்ணீர் நின்றது.

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. போன உயிர் திரும்பியது போல உள்ளே ஓடினாள். இருந்த ஒரு பாட்டிலை அஸ்மத்துக்கு ஏற்றினாள்.

"பாய் வந்துட்டாரு இருசு. ஆறு பாட்டிலு. அடுத்தது ஒனக்குத்தான்."

இருசம்மாள் உடனே கையை நீட்டி வைத்துக்கொண்டாள்.

தில்லையம்மாள் வெளியே போனாள்.

யாரும் இல்லை.

சைக்கிள் இல்லை. பெட்டி இல்லை.

மணலில் ஒரு காலடி இல்லை...

பானை மூடியபடி இருந்தது. மூடி மேல் வைத்த கல் வைத்தபடி. குவளை காய்ந்து கிடந்தது.

"பாய்..."

உஸ்ஸ்... சவுக்கு மரங்கள் மட்டும் இரைந்தன.

அஸ்மத் கையிலிருந்து ஊசியைப் பிடுங்கி இருசம்மாளுக்குப் போட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நின்றாளாம். மனசு வரவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் இருசம்மாள் போய்விட்டாள். நீட்டிய கையை மடக்கவே இல்லை. அந்த ஒரு பாட்டில் அஸ்மத்துக்கும் போதவில்லை. விடிவதற்குள் அவளும் போனாள்.

காலையில் வண்டிக்காரச் சின்னையன் வந்தான். தோப்புக்கு வெளியே ரோட்டில் நின்றபடியே ஒரு மரப்பெட்டியை இறக்கி வைத்தான்.

"கம்பவுண்டர் பாயி சைக்கிளோட விழுந்து கெடந்தாரும்மா. இதே சீக்குதான். நேத்து உச்சி வேளையிலயே உயிரு போயிடுச்சி."

"உச்சி வேளையிலயா?"

"ஆமா. நானே பாத்தேனே. நெறைய பேரு பாத்தாங்க. காலரான்னு தெரிஞ்சதும் யாரும் கிட்ட போவல. நானும் போவலம்மா. ராத்திரி பூரா தூக்கம் வரல. அதான் இப்ப அவரு பெட்டிய எடுத்தாந்தேன்."

"மூணு மணிக்கு எனக்குத் தண்ணி ஊத்தினாரு," என்றாள் தில்லையம்மாள்.

சின்னையன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

பெட்டியைத் திறந்தாள். வைக்கோலுக்குள் ஆறு பாட்டில். ஒன்றில்கூடக் கீறல் இல்லை. அவர் கிடந்த இடம் கொட்டகையிலிருந்து ரெண்டே மைல். எங்கே என்று தெரிந்திருந்தால், சாயந்திரம் நடந்தே போய் எடுத்து வந்திருப்பாள்.