செருமிவிட்டு நுழைதல்

கனடாவின் மொன்றியலில், இல்-பிசார் தீவுப் பூங்காவின் காட்டுப் பாதையோரம் கூரையற்ற பழைய கல்வீடு ஒன்று நிற்கிறது. நாய்க்கும் சைக்கிளுக்கும் நெருப்புக்கும் அறிவிப்புப் பலகையில் விதி உண்டு. விதிகளோடே மாரடித்து ஓய்வுபெற்ற நான் ஒன்று விடாமல் வாசித்தேன். இறந்தவர்களின் வீட்டுக்குள் எப்படி நுழைவது என்று மட்டும் இல்லை. ஈரச் சுண்ணாம்பு மணத்தது. செருமினேன்.

"இஞ்சாருங்கோ, தடிமனோ?" என்றாள் கூட வந்த மனைவி, சளி பிடித்துவிட்டதென்று நினைத்து.

சின்ன வயதில், யாழ்ப்பாணக் கடற்கரையில் இதே சுண்ணாம்பும் வௌவால் எச்சமும் மணக்கும் இடிந்த ஒல்லாந்தர் காலத்துச் சரக்குக் கிட்டங்கிக்குள் பின்னேரங்களில் விளையாடப் போகும்போதெல்லாம், அக்கா வாசலில் என் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்துவாள்: "செருமிப்போட்டுப் போடா விசரா, உள்ள இருக்கிற செத்த ஆக்கள் எழும்பிப் போகட்டும்."

யுத்தம் முடிந்தபின், அக்கா ஷெல் விழுந்து செத்த எங்கள் வீட்டைப் பார்க்கப் போனேன். அங்கும் கூரை இல்லை. வாசலில் தொண்டை கரகரத்தது, செருமலை அடக்கிக்கொண்டு நுழைந்தேன். அவள் எழும்பிப் போய்விடக் கூடாதே.