சல்லிக்குக் கிடைத்த எட்டாம் இடம்

சல்லிக் கிராமத்துச் சிவரூபன் தன் ஆயுளில் யாருக்காவது கடமைப்பட்டவன் என்றால், அது கிண்ணியா ரிஷாத்துக்குத்தான். கேட்பவர்களுக்குக் காது புளித்துப்போகும்வரை இதை அவனே சொல்லித் திரிவான்.

சிவரூபனுக்கு முப்பத்தாறு வயது. கடல் தொழில். பன்னிரண்டு வருடம் சல்லி உதைபந்தாட்டக் கிளப்பின் கப்டன். ஒருமுறையாவது மாவட்டக் கப்பில் தன் அணியை இறக்கிவிட வேண்டும் என்பதுதான் அவனுக்கு இருந்த ஒரே ஆசை. முழங்கால் வேறு மக்கர் பண்ணத் தொடங்கியிருந்தது.

மாவட்டத்தில் பதினான்கு கிளப்புகள். கப்பில் எட்டுக்குத்தான் இடம். எல்லோரும் எல்லோரோடும் மோத வசதியில்லை. ஆகவே பதினான்கு செயலாளர்களும் கூடி, ஆளுக்கொரு தாளில் கிளப்புகளை வரிசைப்படுத்தி எழுதிப் பெட்டியில் போடுவார்கள்; இடத்துக்கேற்பப் புள்ளி கூட்டி முதல் எட்டையும் எடுப்பார்கள். தாளில் எழுதியவர் பெயர் இராது. அப்படியான தாளில் மனிதர் என்ன எழுதுவார் என்று சொல்லவும் வேண்டுமா? சொந்தக் கிளப் முதலாவது. தன்னை வெல்லக்கூடியவன் கடைசி. நடுவில் பழைய பெரிய பெயர்கள்.

சல்லிக்காரர் விளையாடுவது பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களில். முழு நிலவுக்கு மீன் படாது, வள்ளங்கள் கரையில் கிடக்கும், பொடியன்கள் ஓய்வாக இருப்பார்கள். ஆனால் போயாவில்தான் டவுன் மைதானத்திலும் பெரிய ஆட்டங்கள் நடக்கும். செயலாளர்கள் எல்லோரும் அங்கே கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். சல்லியில் வந்து தோற்றுப்போன அணிகளோ அதைத் தம்பட்டம் அடிப்பதில்லை. ஒன்பது ஆட்டத்தில் ஏழு வென்ற வருடமும் சல்லிக்குக் கிடைத்தது பதினோராம் இடம்.

அந்த வருடம் சிவரூபன் பொறுக்கமுடியாமல் கூட்டத்துக்குள்ளேயே போய்விட்டான்.

“எங்கட மட்ச் ஒண்டையாவது பார்த்த ஆக்கள் கை உயர்த்துங்கோ” என்றான்.

ஒரு கையும் எழும்பவில்லை. ஒருவர் விசிறியைப் பார்த்தார், இன்னொருவர் போனைப் பார்த்தார். கடைசியில் கிண்ணியாக் கிளப்பின் செயலாளர் ரிஷாத் எழுந்தார். ஐம்பது வயது, ஹார்ட்வெயார் கடைக்காரர், சத்தமாகக் கதைக்காத மனிதர்.

“நாலு வருசமா சல்லிக்குப் பதினொண்டு எண்டு எழுதினது நான். ஒரு மட்ச்சும் பார்க்கல்ல. பிழை என்னிலதான்” என்றார்.

அவர் அதோடு விடவில்லை. “இனி ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில எந்த மட்ச்சைப் பார்த்த, என்னத்தைக் கண்ட எண்டு எழுதுவம். பார்க்காட்டி வெறுமையா விடுவம். சொந்தக் கிளப்புக்கு எழுதக்கூடாது. தாளில பேர் போட்டு, எல்லாருக்கும் முன்னால வாசிப்பம்.”

முணுமுணுத்துக்கொண்டுதான் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் அடுத்த வருடம் சல்லி மைதானத்துக்குச் செயலாளர்கள் வந்தார்கள். ரிஷாத் மூன்று தடவை வந்தார், வெயிலில் நின்றே பார்த்தார்.

முடிவில் சல்லிக்கு எட்டாம் இடம். ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஒன்பதாவதாகி வெளியே போனது கிண்ணியா. ரிஷாத்தின் தாளையும் வாசித்தார்கள். சல்லிக்கு அவர் ஆறாம் இடம் எழுதியிருந்தார். எட்டு என்று எழுதியிருந்தாலே அவருடைய கிளப் உள்ளே போயிருக்கும்.

“ரிஷாத் நானா, உங்கட கிளப் போயிட்டே” என்றான்.

“கண்டதைத்தானே தம்பி எழுத ஏலும்” என்றார் அவர்.

கப்பில் சல்லி முதல் ஆட்டத்திலேயே இரண்டு கோல் வாங்கித் தோற்றது. இருந்தாலும் என்ன, சிவரூபன் முழு நேரமும் நின்று ஆடினான். அதோடு முழங்காலும் கையை விரித்துவிட்டது. ஊரார் அவனைச் செயலாளராக்கினார்கள். இந்த வருடம் தாள் அவன் கைக்கு வந்தது.

கிண்ணியாவின் ஆட்டத்தை இரண்டு தடவை போய்ப் பார்த்தான். என்ன செய்வது, இரண்டிலும் மோசமாகத் தோற்றார்கள். தாளோடு உட்கார்ந்தபோது ஆறு என்று எழுதக் கை பரபரத்தது. அந்த மனிதருக்குத் திருப்பிக் கொடுக்க அவனிடம் வேறு என்ன இருந்தது? நெடுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தான். பொய்யாக ஒரு ஆறு எழுதினால் அவர் எழுதிய ஆறும் பொய்யாகிவிடும் என்று தோன்றியது. பத்து என்று எழுதினான். பக்கத்தில் கண்டதை எழுதினான்: “இடதுபக்கப் பின்வரிசை திறந்து கிடக்கிறது. இரண்டாம் பாதியில் களைத்துப்போகிறார்கள். கோல் காப்பாளர் கெட்டிக்காரர்.”

கூட்டத்தில் அதை வாசித்தபோது சிவரூபன் தலை நிமிரவில்லை. கிண்ணியா இம்முறையும் வெளியேதான். எல்லோரும் கலைந்தபின் ரிஷாத் நேரே அவனிடம் வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவன் கையிலிருந்த தாளைக் குனிந்து மறுபடி ஒருதரம் வாசித்தார்.

“இடதுபக்கம்… ஓம், சரிதான். நான் சொன்னா எங்கட பொடியனுகள் கேக்கிறானுகள் இல்ல” என்றார். “தம்பி, இந்தத் தாளை நான் கொண்டுபோகவா? அவனுகளுக்குக் காட்டோணும்.”

சிவரூபன் இரண்டு கையாலும் அதை எடுத்துக் கொடுத்தான்.