கீழூரில் போட்ட டீசல்

எங்கள் அத்தான் சுல்ஃபோவுக்கு வாய் கொஞ்சம் நீளம். குருஷிட்சா மலையில் அவரிடம் திட்டு வாங்காத டிரைவர் கிடையாது. பனிச்சறுக்கு விளையாட வருகிற பணக்காரர்கள், நாலு சக்கரமும் இழுக்கிற பெரிய வண்டியைப் பள்ளத்தில் இறக்கிவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். இவர் தன் பழைய டீசல் கோல்ஃப் காரை, முன்சக்கரம் மட்டும் இழுக்கிற முப்பது வயது வண்டியை, இரண்டாம் கியரில் உருட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்துவார்.

"நாலும் இழுக்கும் சரிய்யா, நாலும் நிக்குமா? எறக்கத்துல பிரேக்க மிதிச்சியா இல்லியா, உண்மையச் சொல்லு!"

திட்டி முடித்த பிறகுதான் கயிற்றை எடுப்பார். இழுத்து மேலே விட்டபின் மறுபடியும் கொஞ்சம் திட்டுவார். அவ்வளவு கர்வம் அவருக்கு, பனியில் வண்டி ஓட்டுவதில்.

அந்தக் கர்வத்தை அடக்க ஒரே ஓர் ஆள்தான் இருந்தாள். என் அக்கா ரெம்சா. முப்பத்தொரு வருஷம் அவரோடு குடித்தனம் நடத்தினாள். பிள்ளை பிறக்கவில்லை. அதனால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள்.

அவர்கள் வீட்டுக்கு முந்தின ஏற்றம் பொல்லாதது. பின்னால் ஆளும் மாவு மூட்டையும் ஏறிவிட்டால் வண்டியின் மூக்கு லேசாகிவிடும். முன்சக்கரம் பனியில் சும்மா சுற்றும். அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வைத்தியம் உண்டு. கனமான ஆள் ஒருவரை பானெட்டின் மேல் ஏற்றி உட்காரவைப்போம், அவ்வளவுதான். அக்கா எண்பது கிலோ. பாவாடையைச் சுருட்டிக்கொண்டு ஏறி, கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்து, உள்ளே இருக்கிற புருஷனுக்கு நாக்கைத் துருத்திக் காட்டுவாள். வண்டி கும்மென்று ஏறும்.

"சுல்ஃபோ, சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டலியா?" என்று ஊரில் கேட்பார்கள்.

"எனக்கெதுக்குச் சங்கிலி? அதான் முன்னாடி உக்காந்திருக்காளே!"

"யோவ் கெழவா, எறங்கினேன்னா நீ இங்கயே கெடப்ப. ஞாபகம் வெச்சுக்க."

போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலம், டிசம்பரில் அக்கா வழக்கம்போல ஏறி உட்கார்ந்தாள். சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. அத்தான் டயரைத் திட்டினார். அடுத்த வாரம் புது டயர் மாட்டினார். அப்போதும் ஏறவில்லை. "நீ ஒழுங்கா உக்காருடி" என்று இறங்கிப்போய் அவளை இரண்டு கையாலும் தூக்கி நகர்த்தப் பார்த்தார். அவள் ஒரு கூடை கம்பளி நூல் மாதிரி கையோடு வந்துவிட்டாள். அவர் அவளைக் கீழே விடாமல் அப்படியே நின்றார். பின்சீட்டில் இருந்த நான் கண்ணாடி வழியே அவர் முகத்தைப் பார்த்தேன். அக்கா பாதியாய் இளைத்துப்போயிருந்தாள். தடித்தடியாகக் கம்பளிச் சட்டை போட்டு எங்களை ஏமாற்றியிருக்கிறாள், பாவி.

வயிற்றில் கட்டி. கீழே மோஸ்டார் டவுன் ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள், திரும்ப மூடித் தைத்துவிட்டார்கள். ஜனவரி கடைசியில் டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, இனி செய்ய ஒன்றுமில்லை என்றார். அக்காவுக்கு அதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அத்தானின் விரலைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"என்னை இந்த நாலு சொவத்துக்குள்ள சாக விட்டுடாதய்யா. என் வீட்டுல, என் அடுப்புப் பக்கத்துல கெடத்து. கொண்டு போயிடுவேல்ல?"

"கொண்டு போயிடுறேன். நான் ஓட்டாத பனியா?"

மறுநாள் காலையிலேயே கிளம்பினோம். பின்சீட்டில் என் மடியில் அவள் தலை. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் ஒரு பங்க் இருந்தது. அத்தான் வண்டியை உள்ளே திருப்பினார்.

மலைக்காரர்கள் நாங்கள் யாரும் குளிர்காலத்தில் கீழே டீசல் போடமாட்டோம். மோஸ்டாரில் கடல்காற்று அடிக்கும், ஜனவரியிலும் வெளியே நாற்காலி போட்டுக் காபி குடிப்பார்கள். அந்தச் சீதோஷ்ணத்துக்கான டீசல் அது. மேலே கொண்டுபோனால், ஆறிப்போன ஆட்டுக்கறிக் குழம்பில் கொழுப்பு உறைகிற மாதிரி உறைந்து, வடிகட்டியை அடைத்துவிடும். மேலே கணவாயில் உள்ள பங்கில்தான் எப்போதும் போடுவோம். ஆனால் அங்கே காற்று ஆளைத் தூக்கும். கதவைத் திறந்து மூடினாலே உள்ளே இருக்கிற சூடெல்லாம் போய்விடும்.

"அங்க நிறுத்தினா இவ நடுங்கிப்போவா ஷெஃபி. இங்கயே ரொப்பிடுறேன்" என்றார்.

எனக்கும் தெரியும்தானே? நானும் அந்த மலையில் பிறந்தவள்தானே? அக்காவின் கால்மாட்டில் போர்வையைச் செருகிக்கொண்டே, "ஆமா அத்தான், அதுவும் சரிதான்" என்றேன். என் நாக்கை அறுத்துப் போட வேண்டும்.

அன்றைக்கு ஓட்டினார் பாருங்கள், அப்படி யாரும் ஓட்டி நான் பார்த்ததில்லை. ஒரு குலுக்கல் இல்லை, ஒரு வழுக்கல் இல்லை. பனி அள்ளுகிற வண்டிக்குப் பின்னாலேயே பொறுமையாக ஏறினார். கணவாயைத் தாண்டினோம். குளிர் இறுகிக்கொண்டே போனது. சாயங்காலம் நாலு மணிக்கு, வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது, வண்டி இழுக்கத் திணறியது. இரண்டு முறை உதறியது, நின்றுவிட்டது.

அத்தான் சாவியைத் திருகினார். மறுபடி திருகினார். பிறகு ஸ்டியரிங்கில் ஓங்கி அறைந்தார். "நானே போட்டேனே! ஊரெல்லாம் திட்டுற நாயி, நானே போட்டேனே!"

போனில் சிக்னல் இல்லை. பனி அள்ளுகிற வண்டி முன்னே போய் மறைந்துவிட்டது, ரோட்டில் ஈ காக்கை இல்லை. சத்தம் கேட்டு அக்கா முழித்தாள். கண் திறந்திருந்ததே தவிர, பார்வை எங்கேயோ இருந்தது.

"வந்துட்டோமா?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வந்துட்டோம்டி."

"அப்ப ஏன் இப்படிக் குளுருது? அடுப்பப் பத்தவையேன்."

"இதோ, பத்தவெக்கிறேன் கண்ணு."

அவர் வெளியே போய் பானெட்டைத் தூக்கினார். டிக்கியில் கிடந்த எண்ணெய்த் துணிகளையெல்லாம் பனி அள்ளுகிற இரும்புக் கரண்டியில் குவித்துப் பற்றவைத்து, தரையில் மண்டியிட்டு அதை வடிகட்டிக்குக் கீழே பிடித்தார். லாரிக்காரர்கள் செய்கிற வேலை. கொஞ்சம் பிசகினால் வண்டியே எரிந்துபோகும். தீ வெளிச்சம் பக்கத்துப் பனிச்சுவரில் பட்டு, உள்ளே அக்காவின் முகம்வரை சிவப்பாக வந்தது.

அவள் அதைப் பார்த்தாள். முகம் அப்படியே தளர்ந்தது.

"பத்திக்கிச்சு" என்றாள். "ஷெஃபி, காபிக்குத் தண்ணி வை."

"வெக்கிறேன்க்கா."

அதற்குப் பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை. நான் அவள் மூக்கில் கை வைத்துப் பார்த்தேன். கன்னத்தில் என் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். வெளியே அத்தான் இருமிக்கொண்டே கரண்டியைப் பிடித்திருந்தார்.

கால்மணி நேரம் கழித்து எஞ்சின் பிடித்துக்கொண்டது. கரி அப்பிய முகத்தோடு உள்ளே ஏறினார். "கெளம்பிடுச்சு ரெம்சா! இந்தா, பத்தே நிமிஷம்!" என்று கத்தினார். அந்த மூன்று கிலோமீட்டரும் அவர் பேசிக்கொண்டே வந்தார். பக்கத்து வீட்டு முஞ்சோ வாசல் பனியை அள்ளி வைத்திருப்பான் என்றார், நாளைக்குச் சூப் வைக்கலாம் என்றார். பனி அள்ளிவிட்டிருந்த அந்தப் பொல்லாத ஏற்றத்தில் வண்டி திணறாமல் ஏறியது. நான் என் அக்காவின் தலை ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் நிறுத்திவிட்டுத் திரும்பினார். "பாத்தியாடி, சொன்ன மாதிரி..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்தார்.

"எப்ப?" என்றார்.

"நீங்க தீ போட்டப்பவே அத்தான். அடுப்பு பத்திக்கிச்சுன்னா. காபிக்குத் தண்ணி வெக்கச் சொன்னா."

"அப்ப... வீட்டுல இருக்கோம்னா நெனச்சா?"

"வீட்டுலதான் அத்தான். வீட்டுலதான்னு நெனச்சா."

அவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு குழந்தை மாதிரி ஓவென்று அழுதார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு பேருக்கும் அதை நிறுத்தத் தோன்றவில்லை.